மாவுக்கட்டு போடத் தெரியாத எலும்பு மருத்துவர்களை உருவாக்குகிறோமா?

பழையபிளாஸ்டர்:

போன வாரம் காலைக் கூட்டத்தில் ஒரு எக்ஸ்ரே வந்தது. 68 வயது அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு. புறங்கைப் பக்கமாகச் சாய்ந்திருந்த எலும்பை இரவு டியூட்டியில் இருந்த இறுதியாண்டு மாணவர் இழுத்து நன்றாகவே சேர்த்திருந்தார். அன்றைய படம் அழகாக இருந்தது. ஏழாம் நாள் படத்தில் எலும்பு பழைய இடத்துக்கே போய்விட்டது. கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: "கன்சர்வேட்டிவ் (ஆபரேஷன் இல்லாத சிகிச்சை) தோற்றுவிட்டது, ஆபரேஷன் செய்து உலோக பிளேட் வைத்துவிடலாம்."

நான் கட்டைப் பார்த்தேன். உள்ளே பஞ்சு மெத்தை மாதிரி இருந்தது. கட்டு தண்ணீர்க் குழாய் போல உருண்டை. முன்னங்கை உருண்டையானதா என்ன? எங்கேயும் அழுத்தி அச்சுக் கொடுத்த தடமே இல்லை. போதாததற்கு விரல் மூட்டுகள் வரை கட்டு வந்திருந்ததால் அந்த அம்மாவால் கையை மூடவும் முடியவில்லை. தோற்றது சிகிச்சையா, கட்டா?

இதே மாணவர் கீழ்க்கால் எலும்புக்குள் நெயில் என்ற உலோகக் கம்பி போடுவதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருடைய லாக் புக்கை, அதாவது பயிற்சிப் பதிவேட்டைப் புரட்டினேன். எத்தனை பிளேட், எத்தனை நெயில், எதில் உதவியாளர், எதில் தானே செய்தவர் என எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. "அறுவை சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்து, எலும்பு கூடும்வரை பார்த்து முடித்த நோயாளிகள்" என்று ஒரு கட்டம்கூட இல்லை. நாம் எண்ணாததை அவர்கள் எதற்காகக் கற்றுக்கொள்ள வேண்டும்?

உங்கள் பயிற்சியில் இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இப்போது நீங்கள் யாருக்காவது சொல்லிக்கொடுக்கிறீர்களா?

இறுதியாண்டு_இரவு:

சார், அந்த மாணவன் நான் இல்லை, ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாவுக்கட்டு போட எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. முதல் வருடம் முதல் வாரம், எனக்கு ஒரு வருடம் மூத்தவர் "இப்படிச் சுற்று" என்று ஒருமுறை காட்டினார். அவருக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்திருப்பார்கள். அதன் பிறகு மூன்று வருடத்தில் எந்த கன்சல்டன்ட்டும் என் கட்டை நின்று பார்த்ததில்லை. ஆபரேஷன் தியேட்டரில் ஒரு ஸ்க்ரூ 2 மில்லிமீட்டர் நீளமாக இருந்தால் அரை மணி நேரம் பாடம் நடக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை யூனிட் மாறும். மேற்கை எலும்பு முறிவுக்கு பிரேஸ் (கழற்றி இறுக்கக்கூடிய தாங்கு உறை) போட்டு அனுப்புவேன். அது கூடியதா, கோணலாகக் கூடியதா, நோயாளி அந்த மூன்று மாதம் எப்படித் தூங்கினார், எதுவும் எனக்குத் தெரியாது. ஆபரேஷன் என்றால் அன்றைக்கே படத்தில் பலன் தெரிந்துவிடுகிறது. இதில் பலன் தெரியும்போது நான் வேறு யூனிட்டில் இருக்கிறேன். இன்னமும் ஒரு பிரேஸ் நோயாளியைக்கூட நான் கடைசி வரை பார்த்ததில்லை.

மாவும்_நீரும்:

நான் டாக்டர் இல்லை. கட்டு போடும் டெக்னீசியன், 22 வருடமாக இதே வேலை. படிக்க வரும் டாக்டர் தம்பிகள் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் தவறு தண்ணீர். சீக்கிரம் இறுக வேண்டும் என்று சூடான தண்ணீரில் முக்குகிறார்கள். மாவு இறுகும்போது தானே சூடாகும். தண்ணீரும் சூடு, மேலே எட்டுப் பத்துச் சுற்றுக்கு அதிகமான தடிமன், அப்படியே தலையணை மேல் தூக்கி வைத்தால் சூடு வெளியே போக வழியில்லை. தோல் வெந்துவிடும். வெதுவெதுப்புக்கும் கீழே இருந்தால் போதும், அவசரப்படாதீர்கள்.

இரண்டாவது பஞ்சு. வலிக்கக் கூடாதே என்ற இரக்கத்தில் அள்ளிப் போடுகிறார்கள். இரண்டு சுற்று, எலும்பு துருத்தும் இடத்தில் மட்டும் கூடுதலாக ஒன்று. அதற்கு மேல் போனால் கட்டு பஞ்சைத்தான் பிடித்திருக்கும், எலும்பை அல்ல.

மூன்றாவதுதான் உயிர். ஈரமாக இருக்கும்போது உள்ளங்கையால் மூன்று இடத்தில் பிடிக்க வேண்டும். முறிவுக்கு மேலே ஒரு பக்கம், கீழே அதே பக்கம், நடுவில் எதிர்ப் பக்கம். இறுகும்வரை கையை எடுக்கக் கூடாது. விரல் நுனியால் அழுத்தினால் குழி விழும், குழியின் அடியில் புண் வரும். நேரான எலும்பு வேண்டுமானால் கட்டு வளைந்திருக்க வேண்டும் என்று என் குரு சொல்வார். பின்னால் ஒரு டாக்டர்தான் அது ஜான் சார்ன்லி சொன்னது என்றார். இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையை நிலைநாட்டிய அதே சார்ன்லிதான் அதற்கு முன்பே, 1950 இல், எலும்பு முறிவைக் கத்தியில்லாமல் சேர்ப்பது பற்றித் தனிப் புத்தகம் எழுதியவராம். எனக்குப் பெருமையாக இருந்தது.

கட்டு வெட்டும் ரம்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வைத்து இழுக்கக் கூடாது. அழுத்தி, எடுத்து, நகர்த்தி, மறுபடி அழுத்த வேண்டும். இழுத்தால் தோலில் கோடு போடும்.

நெயில்பிளேட்:

எல்லாம் சரி, ஆனால் பழைய காலத்தைப் பொன்னுலகமாக்கிவிட வேண்டாம்.

1958 இல் சுவிட்சர்லாந்தில், முறிவை உலோகம் வைத்துச் சேர்க்கும் முறையை வளர்த்த ஏஓ என்ற அறுவை மருத்துவர் குழு ஏன் உருவானது? அன்றைக்கு மாவுக்கட்டும் தொங்கவிட்ட எடையும்தான் சிகிச்சை. தொடை எலும்பு உடைந்தவர் வாரக்கணக்கில் படுக்கையில் கிடப்பார். எலும்பு கூடும், ஆனால் முழங்கால் மடங்காது, தசை சூம்பிப் போயிருக்கும், கால் வீங்கியே இருக்கும். அதற்குக் "கட்டு நோய்" என்றே பெயர். அதிலிருந்து மக்களை எழுப்பி நடக்க வைத்தது உலோகம்தான். வயதானவரின் இடுப்பு முறிவை இன்றும் ஆபரேஷன் இல்லாமல் படுக்கப் போட்டால் நிமோனியாவும் படுக்கைப் புண்ணும் முந்திக்கொள்ளும்.

மேற்கை எலும்பு பற்றித் தம்பி சொன்னார். பின்லாந்தில் நடந்த ஆய்வு 2020 இல் வந்தது, 82 பேர். ஒரு வருட முடிவில் பிளேட் குழுவுக்கும் பிரேஸ் குழுவுக்கும் கையின் செயல்பாட்டில் கணிசமான வேறுபாடு இல்லை. நல்லது. ஆனால் பிரேஸில் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் பிறகு ஆபரேஷனுக்கு வந்தார்கள். அந்த 30 சதவீதத்தில் ஒருவராக இருந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "நாலு மாதம் வீணாகப் போச்சு" என்றுதான்.

"வெட்டாதவன் நல்லவன்" என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வரும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பழையபிளாஸ்டர்:

தொடை எலும்பிலும் இடுப்பிலும் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. மூட்டின் உட்பரப்பு படி போல விலகியிருந்தால் நானும் திறப்பேன்.

ஆனால் அந்த 30 சதவீதத்தை நான் வேறு மாதிரிப் படிக்கிறேன். இதே பிரேஸை உருவாக்கிய சார்மியென்டோவின் தொகுப்பு 2000 இல் வந்தது. 922 பேருக்குப் போட்டு, 620 பேரைக் கடைசி வரை பின்தொடர்ந்தார். தோல் கிழியாத முறிவுகளில் கூடாமல் போனது 2 சதவீதத்துக்கும் கீழே. தொடர முடியாமல் விட்டுப்போனவர்கள் நிறைய, அதனால் அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். இருந்தாலும் 2க்கும் 30க்கும் நடுவே இவ்வளவு தூரம் இருப்பதற்கு எலும்பு மட்டுமே காரணமாக இருக்க முடியாது. யாருக்கு பிரேஸ் போட வேண்டும் என்ற தேர்வு, எத்தனை நாளைக்கு ஒருமுறை இறுக்கிக் கட்ட வேண்டும் என்ற கவனம், எப்போது கையை ஆட்டச் சொல்ல வேண்டும், எந்த வாரத்தில் "இந்த எலும்பு சேராது, ஆபரேஷன்தான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. இவற்றில் எதையாவது நாம் பாடமாக நடத்துகிறோமா?

60 வயதுக்கு மேற்பட்டவர்களின் நிலையற்ற கணுக்கால் முறிவுக்கு பிரிட்டனில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2016 இல் வெளியானது. 620 பேர். ஒரு பக்கம் பிளேட்டும் ஸ்க்ரூவும். மறு பக்கம், பஞ்சை மிகக் குறைத்து, காலோடு ஒட்டி அச்சாக வார்க்கும் கட்டு. ஆறு மாதத்தில் கணுக்காலின் செயல்பாடு இரண்டு பக்கமும் சமம். கட்டுக் குழுவில் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் ஆபரேஷனுக்கு மாறினார்கள், எலும்பு கோணலாகக் கூடுவதும் அங்கே அதிகம். அதை மறைக்கவில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தக் கட்டை மயக்க மருந்து கொடுத்து, தியேட்டரில் வைத்து, அதற்கென்று பயிற்சி பெற்ற அறுவை மருத்துவர்களே போட்டார்கள். நம் அவசரப் பிரிவில் இரவு 2 மணிக்கு ஒருவர் காலைத் தூக்கிப் பிடிக்க இன்னொருவர் சுற்றும் கட்டோடு அதை ஒப்பிட முடியாது. ஆய்வைப் படித்துவிட்டு "கட்டே போதும்" என்று சொல்பவரும், தன் கட்டு நழுவியதைப் பார்த்துவிட்டு "கட்டு உதவாது" என்று சொல்பவரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

அசைவே_மருந்து:

பிசியோதெரபிஸ்ட் பேசலாமா? நீங்கள் எல்லோரும் முறிவையே பேசுகிறீர்கள். ஓபியில் வரும் கூட்டம் பெரும்பாலும் முழங்கால் வலி, தோள்பட்டை வலி, இடுப்பு வலிதானே.

எனக்கு வரும் சீட்டில் இப்படி இருக்கும்: "ஓஏ (மூட்டுத் தேய்மானம்) முழங்கால். பிசியோ." அவ்வளவுதான். மாத்திரை எழுதினால் எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, எத்தனை நாள் என்று எழுதுவீர்கள். உடற்பயிற்சிக்கும் அளவு உண்டு, டாக்டர். எவ்வளவு எடை, எத்தனை முறை, வாரத்தில் எத்தனை நாள், வலி எந்த அளவு வந்தால் தொடரலாம், எப்போது கூட்டலாம் என்றெல்லாம் பார்க்க வேண்டும். டென்மார்க்கில் 2013 இல் தொடங்கிய திட்டத்தில் முதலில் நோயைப் பற்றிய வகுப்பு, பிறகு ஆறு வாரத்தில் 12 முறை மேற்பார்வையோடு பயிற்சி. உங்கள் நோயாளி என்னிடம் வந்து இரண்டு நாள் மின்சாரச் சூடு வைத்துக்கொண்டு போனதை "கன்சர்வேட்டிவ் பார்த்தாகிவிட்டது" என்று எழுதினால் அது நியாயமா? அது என் துறையின் குற்றமும்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது நீங்கள் பேசும் வார்த்தை. "எலும்பும் எலும்பும் உரசுகிறது" என்று ஒரு வாக்கியம் சொல்லி அனுப்புகிறீர்கள். அதற்கப்புறம் அவரை உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னால் அவருக்கு உரசும் சத்தம் காதில் கேட்கிறது. நடந்தால் தேய்ந்துவிடும் என்று பயந்து நடப்பதையே நிறுத்திவிட்டு வந்தவர்களை நான் எண்ணி மாளாது. இதற்கு எந்த வருடத்தில் உங்களுக்குப் பாடம்?

இறுதியாண்டு_இரவு:

எந்த வருடத்திலும் இல்லை. நானும் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். எனக்கு மேலே இருந்தவர் சொன்னதைக் கேட்டுத்தான்.

ஒரு சந்தேகம். முழங்கால் மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு) கிழிசல் எம்ஆர்ஐயில் தெரிகிறது, நோயாளிக்கு 52 வயது, வலி இருக்கிறது. இதை ஸ்கோப் (மூட்டுக்குள் விடும் சிறு கேமராக் குழாய்) போட்டுச் சுத்தம் செய்யாமல் பயிற்சிக்கு அனுப்பு என்றால், "கிழிந்திருப்பது படத்திலேயே தெரிகிறதே, ஏன் சரிசெய்யவில்லை?" என்று அவர் கேட்பார். என்ன பதில் சொல்வது?

பழையபிளாஸ்டர்:

2013 இல் பின்லாந்துக்காரர்கள் 146 பேரிடம் இதைத்தான் சோதித்தார்கள். 35 முதல் 65 வயது, தேய்மானத்தால் வந்த மெனிஸ்கஸ் கிழிசல், மூட்டுவாதம் இல்லாதவர்கள். பாதிப் பேருக்குக் கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். மீதிப் பேருக்கு ஸ்கோப்பை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, வெட்டுவது போல் பாவனை மட்டும் செய்தார்கள். ஒரு வருடத்தில் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. அதற்கு முன்பே 2002 இல் மூட்டுவாத முழங்காலைக் கழுவிச் சுத்தம் செய்வதில் 180 பேரை வைத்து மோஸ்லி குழு இதே மாதிரி காட்டியாயிற்று.

நோயாளியிடம் நான் சொல்வது: "உங்கள் வயதில் வலியே இல்லாதவரைப் படம் எடுத்தாலும் இந்தக் கிழிசல் பலருக்கு இருக்கும். இது நரைமுடி மாதிரி. வலிக்குக் காரணம் இது மட்டும்தான் என்று சொல்ல முடியாது. மூட்டு பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போனால் உடனே வாருங்கள், அது வேறு கதை." இதைச் சொல்ல எனக்கு ஏழெட்டு நிமிடம் ஆகிறது. ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்க ஒன்றரை நிமிடம். எந்தப் பக்கம் சாய்வோம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வழிப்போக்கன்:

நேரம் மட்டும்தானா டாக்டர்? வெட்டினால் கட்டணம், பேசினால் கிடையாது. பயிற்சி எவ்வளவு கொடுத்தாலும் இதை மாற்றாமல் ஒன்றும் ஆகாது.

பழையபிளாஸ்டர்:

மறுக்கவில்லை. ஆனால் கட்டணமே இல்லாத பயிற்சி மருத்துவமனைகளிலும் இதே சாய்வு இருக்கிறது. அங்கே அதற்குப் பெயர் லாக் புக்.

சின்னப்பாதம்:

குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவம் என் வேலை. உங்கள் கேள்விக்கு எங்கள் துறையில் ஒரு பழைய விடை இருக்கிறது. பிறவி வளைபாதம், அதாவது பாதம் உள்பக்கம் திரும்பியபடி பிறப்பது.

இக்னாசியோ பொன்செட்டி அமெரிக்காவின் அயோவாவில் 1940களின் கடைசியிலேயே கட்டு முறையைத் தொடங்கிவிட்டார். பாதத்தின் முன்பகுதியை முதலில் சற்று மேலே தூக்கி, கணுக்காலுக்குக் கீழே இருக்கும் டாலஸ் எலும்பின் தலையில் கட்டை விரலை வைத்து, பாதத்தை வெளிப்பக்கமாகச் சுழற்றிக்கொண்டே போவது. வாரம் ஒரு கட்டு, ஐந்தாறு கட்டில் பாதம் திரும்பிவிடும். ஆனால் உலகம் அடுத்த 40 வருடம் குழந்தைகளின் பாதத்தைப் பின்னும் பக்கமும் பெரிதாகத் திறந்துகொண்டிருந்தது. அந்தப் பாதங்கள் பார்க்க நேராக இருக்கும், வளர்ந்த பிறகு விறைத்துப் போய் வலிக்கும். அயோவா குழந்தைகளின் 30 ஆண்டுப் பின்தொடர்தல் 1995 இல் வந்த பிறகுதான் காது கொடுத்தார்கள். அப்போதும் அதைப் பரப்பியதில் பெரிய பங்கு இணையத்தில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட பெற்றோருக்கு. எங்கள் ஆட்களுக்கு அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஏன் இவ்வளவு தாமதம்? என் கணிப்பு: படித்துவிட்டுச் செய்து பார்த்தவர்களுக்கு வரவில்லை. கட்டை விரலை டாலஸ் தலையில் வைப்பதற்குப் பதில் குதிகால் எலும்பு கனசதுர எலும்போடு சேரும் இடத்தில் வைத்தால் குதிகால் திரும்பாமல் பூட்டிக்கொள்ளும். எழுத்தில் இது அரை வரி. விரலுக்குக் கீழே ஒரு முறை உணர்ந்தால்தான் புரியும். நான் கற்றுக்கொடுக்கும்போது மாணவர் கட்டை விரல் மேல் என் கட்டை விரலை வைத்துக்கொள்வேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். பொன்செட்டி முறையிலும் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கடைசியில் குதிகால் நாணைச் சிறு கீறலில் அறுக்க வேண்டியிருக்கும். கத்தி எதிரி இல்லை. அப்புறம், கட்டு அவிழ்த்ததும் வேலை முடிவதில்லை. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம் ஷூ பொருத்திய பட்டை, பிறகு நாலு வயதுவரை தூங்கும்போது. வளைபாதம் திரும்ப வருவதற்கு முதல் காரணம் அந்தப் பட்டையைக் கழற்றி வைப்பதுதான். அதனால் அழும் குழந்தையை வைத்துக்கொண்டு நள்ளிரவில் தவிக்கும் தாயிடம் எப்படிப் பேசுவது என்பதும் அறுவை மருத்துவரின் கைத்திறனில் சேர்த்திதான். முதுகெலும்பு பக்கவாட்டு வளைவுக்குப் போடும் பிரேஸும் அப்படியே. 2013 இல் வந்த ஆய்வில் நாளுக்குச் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்த பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு ஆபரேஷன் எல்லைக்கு வளைவு போகவில்லை. பிரேஸை எழுதிக்கொடுத்தால் மட்டும் போதாது, அணிய வைக்க வேண்டும்.

நெயில்பிளேட் சொன்ன "நாலு மாதம் வீண்" என்பதையும் நான் எடுத்துக்கொள்கிறேன். இடுப்பு மூட்டு விலகிய கைக்குழந்தைக்கு பாவ்லிக் பட்டை போடுகிறோம். மூன்று நாலு வாரத்தில் மூட்டு உள்ளே வரவில்லை என்றால் நிறுத்தியே ஆக வேண்டும். தொடர்ந்தால் இடுப்பு மூட்டுக் கிண்ணத்தின் பின்விளிம்பு தேய்ந்து நிலைமை மோசமாகும். எங்கே நிறுத்துவது என்று தெரியாதவருக்குத் தொடங்க உரிமை இல்லை என்று என் மாணவர்களிடம் கடுமையாகவே சொல்வேன்.

அறுந்தகுதிகால்:

நோயாளியாக ஒரு வார்த்தை. எனக்குக் குதிகால் நாண் அறுந்தது. பார்த்த டாக்டர், "ஆபரேஷன் தேவையில்லை, பூட் போட்டுக்கொண்டு போங்கள்" என்றார். மூன்று நிமிடம். சும்மா விட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். குளிக்கும்போது கழற்றலாமா, தூங்கும்போது? பாதத்தைக் கீழ்நோக்கியே வைத்திருக்க வேண்டும் என்றுகூட யாரும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் வேறொரு மருத்துவரிடம் போனேன், வெட்டச் சொல்லித்தான் போனேன். அவர் நார்வே ஆய்வைச் சொன்னார். 2022 இல் வந்தது, 550 பேருக்கு மேல். ஒரு வருடத்தில் கால் வேலை செய்வதில் வேறுபாடு இல்லை, ஆனால் மறுபடி அறுவது ஆபரேஷன் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஆறு பேர், ஆபரேஷன் செய்தவர்களில் ஒருவருக்கும் கீழே, ஆனால் ஆபரேஷன் செய்தவர்களிடம் நரம்பு பாதிப்பு அதிகம் என்றார். பூட்டின் குதிகால் ஆப்பை எந்த வாரத்தில் எத்தனை எடுக்க வேண்டும் என்று தாளில் எழுதிக்கொடுத்தார். அதே பூட், அதே சிகிச்சைதான். ஆனால் இரண்டாவது முறைதான் எனக்குச் சிகிச்சை நடப்பது போலத் தெரிந்தது.

நெயில்பிளேட்:

இதைப் படித்தபின் என் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு கவலை பாக்கி. ஆபரேஷன் இல்லாத வழி என்ற பெயரில் ஊசி போடுவது பெருகிவிடும். டென்னிஸ் முழங்கைக்கு (முழங்கையின் வெளிப்பக்க வலி) ஸ்டீராய்டு ஊசி ஆறு வாரத்தில் பிரமாதமாக இருக்கும், ஒரு வருடத்தில் ஊசி போடாதவரைவிட மோசமாக இருக்கும். பல ஆய்வுகளில் வந்துவிட்டது. இதையும் யாராவது பாடத்தில் சேருங்கள். எதையாவது செய்தாக வேண்டும் என்ற கை அரிப்பு கத்தி இல்லாவிட்டால் ஊசியைத் தேடும்.

பழையபிளாஸ்டர் சார், கேள்வியை நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?

பழையபிளாஸ்டர்:

மூன்று விஷயம் தொடங்கியிருக்கிறேன், ஒன்று ஏற்கெனவே சொதப்பிவிட்டது.

முதல் வருடத்தில் சேர்பவர்கள் இரண்டு வாரம் கட்டு அறையில் டெக்னீசியனுக்குக் கீழே வேலை செய்ய வேண்டும். கற்றுக்கொடுப்பவர் அவர், கையெழுத்துப் போடுபவரும் அவர். மருத்துவர்களில் சிலருக்கு முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

அடுத்தது, யூனிட் மாறினாலும் தான் கட்டுப் போட்ட ஐந்து நோயாளிகளை எலும்பு கூடும்வரை அந்த மாணவரே பார்க்க வேண்டும். இதுதான் சொதப்பியது. புதிய யூனிட்டில் தியேட்டர் நாளும் இங்கே ஓபி நாளும் மோதின. தியேட்டரை விட்டு வர ஒருவரும் தயாராக இல்லை. ஓபி நாளை மாற்றிப் பார்க்கிறேன்.

மூன்றாவது, காலைக் கூட்டத்தில் ஆபரேஷன் படங்களுக்கு முன்னால் கட்டுப் படங்களைப் போடுகிறோம். குழந்தைகளின் முன்னங்கை முறிவு என்றால் கட்டுக் குறியீட்டை மாணவரே அளந்து சொல்ல வேண்டும். முறிவு இருக்கும் மட்டத்தில், பக்கவாட்டுப் படத்தில் கட்டின் உள் அகலத்தை நேர்ப் படத்தின் உள் அகலத்தால் வகுப்பது. 0.8க்கு மேல் போனால் கட்டு உருண்டை, எலும்பு நழுவ வாய்ப்பு அதிகம். அளவுகோல் ஒன்று கையில் கிடைத்ததும் இவர்களுக்குத் திடீரென்று ஆர்வம் வந்துவிட்டது. ஸ்க்ரூ நீளத்துக்குப் போட்டி போட்டவர்கள் இப்போது 0.7க்குப் போட்டி போடுகிறார்கள்.

இறுதியாண்டு_இரவு:

இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று இரவு ஒன்பது வயதுப் பையனின் முன்னங்கைக்கு நானே கட்டினேன். உள்ளங்கையால் பிடித்தேன், இறுகும்வரை எடுக்கவில்லை, கை மரத்துவிட்டது. இன்று காலை அளந்தேன்: 0.84. எலும்பு நல்ல நிலையில்தான் இருக்கிறது. அவிழ்த்து மறுபடி கட்டவா, விடவா?

மாவும்_நீரும்:

தம்பி, கட்டு இறுக்குகிறதா என்று பையன் விரலை நீட்டிப் பார்த்தீர்களா? நீங்கள் நீட்டிவிடும்போது வலியில் துடிக்கிறானா? அதை முதலில் சொல்லுங்கள். எண்ணை அப்புறம் பார்க்கலாம்.

இறுதியாண்டு_இரவு:

பார்த்தேன் அண்ணா. நன்றாக நீட்டுகிறான், வலி இல்லை, விரல் சூடாக இருக்கிறது, வீக்கமும் குறைவு.

பழையபிளாஸ்டர்:

அப்படியானால் இன்றைக்குத் தொடாதீர்கள். வீக்கம் வடிந்தால் கட்டு இன்னும் தளரும். ஆறாம் நாள் படம் எடுங்கள், தளர்ந்திருந்தால் எலும்பு அசையும் முன் புதுக் கட்டு. அன்றைக்கு நீங்கள் எந்த யூனிட்டில் இருந்தாலும் நீங்களே வர வேண்டும்.